அம்மி வாங்கப் போகிறீர்களா?

மின்சார அரைவை இயந்திரம் வீட்டில் இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் அம்மியில் அரைத்த மசாலாவின் மணம் அறிந்தவர்கள் என்றாவது ஒருநாள் கல் தேடிப் புறப்படத்தான் செய்வார்கள். அப்படிப் புறப்படும் சகோதரிகளே, பணத்தை நீட்டுமுன் இதைச் சற்றுப் படித்துவிட்டுப் போங்கள்.

நானும் ஏமாந்தவள்தான். மகள் தனிக்குடித்தனம் போனபோது, பசார் மாலாமில் பளபளப்பான ஓர் அம்மியைப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் மாதமே, "அம்மா, சட்டினி நறநறவென்கிறது" என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் அது கல்லே இல்லை; கல்தூளும் சிமெண்டும் கலந்து அச்சில் வார்த்தது! சம்பந்தியம்மாள் ஓர் ஆணியால் கீறிக் காட்டினார், பள்ளம் விழுந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நல்ல கருங்கல்லில் கீறினால் கல்லில் பள்ளம் விழாது. ஆணியின் இரும்புதான் கோடாகப் படியும்.

மணல்தானே என்று எண்ணிவிடாதீர்கள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மணலிலுள்ள குவார்ட்ஸ் 7, பல்லின் எனாமல் 5. எகிப்தின் பழங்கால மம்மிகளின் பற்கள் தேய்ந்து கிடப்பதற்கு ரொட்டியில் கலந்த மணலும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

முதலில் தட்டிப் பாருங்கள். அம்மியை இரண்டு மரக்கட்டைகள்மேல் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டினால் 'கணீர்' என்று ஒலிக்க வேண்டும். 'டொப்' என்றால் உள்ளே விரிசல் இருக்கலாம். சந்தேகமா? ஒரு குவளை தண்ணீர் கேட்டு ஊற்றித் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்தபின்னும் மயிரிழைபோல் ஒரு கோடு ஈரமாக நின்றால், அதுதான் விரிசல். (தண்ணீர் தரவே முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் நான் வாங்குவதில்லை.)

அடுத்தது குழவி. அதை அம்மிமேல் வைத்து, கண்ணைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்தி மறுபக்க வெளிச்சத்தைப் பாருங்கள். நடுவில் மட்டும் தொட்டு, இரு பக்கமும் வெளிச்சம் அதிகம் தெரிந்தால் அரைப்பதற்குள் உங்கள் தோள்பட்டை கழன்றுவிடும்!

உளிக்கொத்து நெருக்கமாகவும் ஒரே ஆழமாகவும் இருக்கட்டும். வழவழவென்றிருந்தால் மிளகாய் வழுக்கும். ஜாவாத் தீவின் முந்திலான் வட்டாரத்தில் செதுக்கப்படும் எரிமலைக் கல்லில் இயல்பாகவே சிறு துளைகள் உண்டு, அது குறையன்று. ஆனால் மிளகாய் விதை போய் ஒளிந்துகொள்ளுமளவு பெரிய துளையென்றால் வேண்டாம்.

வாங்கி வந்ததும் ஊறிய பச்சரிசியை அரைத்து அரைத்துக் கொட்டுங்கள். மாவு சாம்பல் நிறம் மாறி வெள்ளையாக வரும்வரை விடக்கூடாது. பிறகு கல்லுப்பை அரைத்துக் கழுவிவிட்டால் சமையலுக்குத் தயார்.

மகளுக்கு இரண்டாவது அம்மி வாங்கச் சம்பந்தியம்மாளையே அழைத்துப் போனேன். அவர் தட்டிய தட்டில், பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்!