பித்தப்பை இல்லாமலும் பிறக்கலாம், இரண்டோடும் பிறக்கலாம்... தெரியுமா?

7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், 30 முதல் 50 மில்லி கொள்ளளவு, கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை நிறப் பை. பாடப்புத்தகத்தில் பித்தப்பை இவ்வளவுதான். அந்தப் படத்தை மட்டும் நம்பி வயிற்றைத் திறக்கிற சர்ஜன் எத்தனை விதமாக ஏமாறலாம் தெரியுமா?

முதலில், பித்தப்பையே இல்லாமல் பிறப்பவர்கள் உண்டு! லட்சத்தில் சில பத்துப் பேர். பலர் அது தெரியாமலே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். வலது விலாவுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் வம்பு ஆரம்பம். பை தெரியாது, 'சுருங்கிய பித்தப்பை, கல் இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வந்துவிடும். ஆபரேஷன் டேபிளில் தொப்புள் வழியாகக் கேமராவை விட்டால், கல்லீரலின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கிறது. பை உட்கார வேண்டிய பள்ளத்தையே காணோம்! கல்லீரலுக்குள் புதைந்திருக்கிறதா? (சிலருக்கு அப்படியும் இருக்கும்.) இடது பக்கம் போய்விட்டதா? (அதுவும் உண்டு.) தேடுகிறேன் பேர்வழி என்று கிளறினால் பித்தக்குழாய் கிழியும் ஆபத்து. அதனால் அங்கேயே நிறுத்திவிட்டு, பித்தக்குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனுக்கு அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். இதில் உச்சபட்ச வேடிக்கை: எதையும் எடுக்காமலே தையல் போட்டு அனுப்பியவர்களில் பலருக்கு அதன்பின் வலி போய்விட்டிருக்கிறது!

இதற்கு நேரெதிர், இரட்டைப் பித்தப்பை. சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு. கரு உருவாகும் ஆரம்ப வாரங்களில் குடலிலிருந்து கிளம்பும் சின்ன மொட்டு இரண்டாகப் பிளந்துவிட்டால் முடிந்தது கதை. கல்லடைத்த பையை எடுத்தாகிவிட்டது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது என்று வருபவருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தால், உள்ளே இன்னொன்று! மூன்று பைகள் இருந்தவர்களும் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள்.

பழங்காலத்தில் இதெல்லாம் சகுனம். கி.மு. 31இல், பின்னாளில் அகஸ்டஸ் எனப்பட்ட ஆக்டேவியன் ஆக்டியம் கடற்போரில் வென்ற நாளில் பலியிட்ட விலங்குக்கு இரட்டைப் பித்தப்பை இருந்ததாம். எழுதி வைத்தவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. (தோற்றிருந்தால் அதே பைக்கு வேறு பலன் சொல்லியிருப்பார்கள்!) கிரேக்கத்தின் நாக்சாஸ் தீவு ஆடுகளுக்கோ பித்தப்பை மகா பெரிசு. அங்கே பலி கொடுத்த வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கு ஏதோ கேடு வரப்போகிறது என்று பதறிப் போவார்களாம். இது அரிஸ்டாட்டில் சொன்னது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சிவப்புத் தொப்பி ஒன்று கைகால் முளைத்துச் சின்னமாகத் திரிந்ததே, அந்த ஃபிரிஜியன் தொப்பி சிலர் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது! பையின் நுனி மடிந்து கவிழ்ந்திருந்தால் டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். வியாதி இல்லை, வைத்தியமும் வேண்டாம். ஆனால் கல்லீரலோடு சரியாக ஒட்டாமல் தொங்கி ஆடும் பை அப்படியில்லை. வயதான, மெலிந்த பெண்களுக்கு அது திடீரென்று முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று அழுக ஆரம்பித்துவிடலாம். உடனே ஆபரேஷன்தான்.

என்னைக் கேட்டால், பையைவிட அதன் கழுத்துப் பக்கம்தான் உண்மையான திகில். பையிலிருந்து வரும் குழாய் பெரும்பாலும் 2 முதல் 4 சென்டிமீட்டர். சிலருக்கு இருக்கிறதா என்றே தெரியாத அளவு குட்டை. சிலருக்குப் பெரிய பித்தக்குழாயோடு ஒட்டியபடியே வெகுதூரம் இறங்கிப்போய்ச் சேரும். ரத்தக்குழாயும் சளைத்ததில்லை. சிலருக்குக் கல்லீரலின் வலப்பக்கத்துக்குப் போகும் பெரிய தமனி, கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்குவதுபோல் வளைந்து பித்தப்பைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பைக்குப் போகும் சின்னத் தமனி என்று நினைத்து அதில் கிளிப் போட்டால் கல்லீரலுக்கே ஆபத்து! அதனால்தான் எதையும் வெட்டும் முன் கொழுப்பையெல்லாம் விலக்கி, பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள்தான் போகின்றன என்று கண்ணால் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள்.

மிருகங்களைப் பார்த்தால் இன்னும் தலை சுற்றும். சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, எலிக்குக் கிடையாது! யானை, குதிரை, புறா, மூன்றுக்கும் இல்லை. கோழிக்கு உண்டு, கறிக்கடையில் ஈரலிலிருந்து அந்தப் பச்சைப் பையைக் கிழியாமல் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், கிழிந்தால் ஈரல் வாயில் வைக்க முடியாத கசப்பு. ஒட்டகச்சிவிங்கி? 19ஆம் நூற்றாண்டில் உடற்கூறியல் நிபுணர் ரிச்சர்ட் ஓவன் மூன்றை அறுத்துப் பார்த்தார். இரண்டில் பித்தப்பையே இல்லை. மூன்றாவதில் இருந்தது, அதுவும் இரட்டையாக!