எஞ்சினின் நாடி

கறுப்பும் மஞ்சளும் பூசிய பிரிமியர் பத்மினி டாக்சியில் ஏறாத மும்பைத் தமிழர் அரியர். குர்லாவிலே பிறந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இந்நகரைச் சுமந்த அவ்வகை டாக்சிகளுள் கடைசி வண்டி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அவ்வண்டிக்கு நோய் கண்டால் மேஸ்திரி பானெட்டைத் திறப்பார். எஞ்சினை ஓடவிட்டுச் செவி சாய்ப்பார். கார்புரேட்டரின் திருகை அரைச் சுற்றுத் திருப்புவார். எஞ்சின் உரக்கப் பேசிற்று. கேட்கத் தெரிந்த காது வேண்டும், அவ்வளவே.

இன்றைய கார் அப்படிப் பேசுவதில்லை. நோய் கண்டால் ஓட்டுநரின் முன் எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ன கோளாறு, எங்கே, எவ்வளவு என்று விளக்கு சொல்லாது. அதைப் பார்த்து மனங்கலங்கி, சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருவோர் எத்தனை பேர்! அந்த ஊமை விளக்கின் பின்னே வண்டி உண்மையில் நிறையவே பேசிக்கொண்டிருக்கிறது என்பதையும், சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறு கருவியால் அதை நம் கைப்பேசியிலேயே கேட்கலாம் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றைய பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளை அளந்து ஊற்றுவது ஒரு சிறு கணிப்பொறி. அதற்குக் கண்ணும் மூக்கும் போன்றவை சென்சார்கள். ஒன்று சுழற்சியை அளக்கும்; ஒன்று ரேடியேட்டர் நீரின் சூட்டைப் பார்க்கும்; ஒன்று உள்ளே செல்லும் காற்றை எடை போடும்; இன்னொன்று சைலன்சர் குழாயில் இருந்துகொண்டு, எரிந்த புகையில் பிராணவாயு மிச்சமுண்டா என்று முகரும். கணக்கில் முரண் கண்டால் கணிப்பொறி ஒரு குறியெண்ணை எழுதி வைத்துக்கொண்டு விளக்கை ஏற்றும். இவ்வேற்பாட்டுக்கு ஓ.பி.டி. என்று பெயர். இது நம் வசதிக்காகத் தோன்றியதன்று. புகையைக் கட்டுப்படுத்தத் தோன்றியது. கலிபோர்னியாவில் தொடங்கி, 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் அனைத்துக்கும் ஒரே வகைச் செருகுவாயும் பொதுவான குறியெண்களும் கட்டாயமாயின. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010 ஏப்ரலில் மும்பை முதலிய 13 நகரங்களுக்கு வந்தபோது ஓ.பி.டி.யின் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் வந்தன. ஆகவே, அதற்குப் பின் வந்த கார்களில் ஸ்டியரிங்கின் கீழே, பிரேக் மிதிக்குச் சற்று மேலே, கையை விட்டுத் தடவினால் 16 துளைகள் கொண்ட செருகுவாய் அகப்படும்.

அதில் செருகும் தீப்பெட்டியளவு கருவியே புளூடூத் அடாப்டர். இவற்றுள் பெரும்பாலானவை கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வகுத்த 327 என்னும் சிப்பின் வழி வந்தவை. அந்நிறுவனம் 2022இல் மூடப்பட்டது. அதன் போலிகளோ இன்றும் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. மிக மலிவான போலிகள் சில கேள்விகளுக்கு விடையளிக்காமல் விழிக்கும். ஐபோன் வைத்திருப்போர் தம் கைப்பேசியோடு இணையும் வகைதானா என்று கேட்டே வாங்க வேண்டும்.

உரையாடல் நடக்கும் விதம் சுவையானது. கைப்பேசி கேட்கிறது: “சுழற்சி எவ்வளவு?” வண்டி இரண்டு எண்களைத் திருப்புகிறது, 12, 128 என்று வைத்துக்கொள்வோம். முதலெண்ணை 256ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்டினால் 3,200. நான்கால் வகுத்தால் 800. அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று. வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருக்கிறது. நீரின் சூடு கேட்டால் ஒரே எண் வரும். 130 என்று வந்தால் 40ஐக் கழிக்க வேண்டும். சூடு 90 டிகிரி. ஏன் இந்த 40? ஓரெண்ணில் அடங்குவது 0 முதல் 255 வரை. பனி நாடுகளில் சூடு பூச்சியத்துக்கும் கீழே போகுமே! அந்த 40ஐ நாமும் கழித்துக்கொண்டிருக்கிறோம், மாட்டுங்காவின் மே மாத வெயிலிலும். செயலி இக்கணக்கைத் தானே போட்டு முள்ளாகவும் கோடாகவும் காட்டிவிடும். மாலை நெரிசலில் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து செம்பூர் வரை ஊர்ந்து செல்லும்போது சூட்டின் கோடு மெல்ல ஏறி, மின்விசிறி சுழன்றதும் இறங்குவதைக் காணலாம். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், முள் சிவப்பைத் தொடுமுன்பே வண்டியை ஓரங்கட்டலாம்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். குறியெண் நோயின் பெயரன்று, நோயின் அறிகுறி. இதனை மறப்பதாலேயே பணம் பாழாகிறது. பி-0171 என்னும் குறியை எடுத்துக்கொள்வோம். “கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி” என்பது அதன் பொருள். இதைச் சொன்னது சைலன்சர் குழாயிலுள்ள பிராணவாயு சென்சார். உடனே, “சென்சார் போய்விட்டது, மாற்றுங்கள்” என்பார் சிலர். காய்ச்சலைக் காட்டிய தெர்மாமீட்டரையா மாற்றுவது! காற்றுக் குழாயில் விரிசல் இருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். காற்றளவைச் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம்.

எது என்று அறிய வழியுண்டு. குறையை ஈடுசெய்யக் கணிப்பொறி எத்தனை சதவிகிதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்பதும் திரையில் தெரியும். ஃபியூல் ட்ரிம் என்பார்கள். பூச்சியத்தை ஒட்டி இருந்தால் நலம். வண்டி நின்றபடி ஓடும்போது 20, 25 என்று காட்டி, 2,500 சுற்றுக்கு உயர்த்தியதும் வெகுவாகக் குறைந்தால், விரிசல் வழியே காற்றுக் கசிகிறது என ஐயுறலாம். எஞ்சின் காற்றை மிகுதியாக இழுக்கும்போது அச்சிறு கசிவு பொருட்டாவதில்லை. மாறாக, வேகம் கூடக் கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதாமையே காரணமாகலாம். மும்பையில் பெருகியுள்ள எரிவாயு வண்டிகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: பெட்ரோலில் சரியாக ஓடி, சி.என்.ஜி.யில் மட்டும் எண் தவறினால், முதலில் எரிவாயுக் கிட்டைத்தான் பார்க்க வேண்டும். குழாயின் விலை எங்கே, சென்சாரின் விலை எங்கே!

கம்பெனி ஒர்க்‌ஷாப்பின் படியேற வசதியில்லாத டாக்சி ஓட்டுநருக்கு இவ்வறிவு ஒருநாள் கூலியைக் காக்கும். தாராவியிலும் சயானிலும் சாலையோரத்தில் ஸ்பானர் பிடித்துத் தொழில் கற்ற நம்மவர்க்கோ இது பிழைப்பைப் பற்றிய செய்தி. உதிரிப் பாகங்களையும் நோயறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்ததாக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகள் மீது 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன; அவ்வழக்கு நீண்டது தனிக்கதை. அடாப்டர் அந்தப் பூட்டை முழுவதும் திறந்துவிடாது. புகையோடு தொடர்புடைய பொதுக்குறிகளையே அது உறுதியாகப் படிக்கும்; ஏர்பேக், ஏ.பி.எஸ். போன்றவை கம்பெனிக்குக் கம்பெனி வேறான மொழியில் பேசுகின்றன. ஆயினும் திறந்த அளவு சிறிதன்று.

பழைய கார் வாங்குவோர்க்கு இக்கருவி பெரிதும் துணை செய்யும். விற்பவர் குறிகளை அழித்து விளக்கை அணைத்திருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை. ஆனால், அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல வண்டிகள் நினைவில் வைத்திருக்கும்; கேட்டால் சொல்லும். அழித்தவுடன் வண்டியின் தற்சோதனைகள் பலவும் “முடியவில்லை” என்ற நிலைக்குத் திரும்பும். அவை நிறைவேறச் சில நாள் ஓட்டம் வேண்டும். “ஆறு மாதமாக ஒரு குறையுமில்லை” என்று விற்பவர் சொல்ல, “அழித்து 9 கிலோமீட்டர்தான் ஆயிற்று” என்று வண்டி சொன்னால், நான் வண்டியையே நம்புவேன். பாட்டரியை அண்மையில் கழற்றியிருந்தாலும் இவ்வாறு நேரலாம். ஆதலால் சண்டை பிடிக்காமல், சில நாள் கழித்து மறுபடி பார்க்கக் கேட்பது நன்று. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் கிளம்புமுன், அம்மஞ்சள் விளக்கு எரிகிறதா என்றும் காண்க. எரியவில்லையெனில் விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கக்கூடும்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும். செருகுவாயின் 16ஆம் துளையில் சாவி இல்லாதபோதும் பாட்டரியின் மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்தி ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது பாட்டரி இறங்கியிருக்கலாம். வேறொரு காரணமும் உண்டு. செருகுவாய் கேள்வியை மட்டுமன்றிக் கட்டளையையும் உள்ளே விடும். 2015இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், இவ்வாறு செருகியிருந்த, சிம் கார்டு உடைய ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே ஒரு காரின் பிரேக்கைத் தம் விருப்பப்படி இயக்கிக் காட்டினர். புளூடூத்துக்கு எட்டும் தூரம் சில மீட்டர்தான். ஆனால், பல அடாப்டர்களின் கடவு எண் 1234; பக்கத்து வண்டிக்காரருக்கும் அது தெரியும்.