சுருட்டி வைத்த முஸல்லா

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் இருப்பவரா நீங்கள்? பாங்கோசை எட்டாத தோட்டத்தில் சிறுகடை வைத்த கணவரோடு குடியேறி, பிள்ளைகள், அடுப்படி, கல்லாப்பெட்டி என்று ஓடியதில் தொழுகை கைநழுவிப் போயிருக்கலாம். இப்போது திரும்ப ஆசை. தடுப்பது எது? 6,000 அடி உயரக் குளிரில் ஸுபஹுக்கு வுழூச் செய்வதா? தண்ணீரைச் சுடவைத்துக் கொள்ளலாமே!

உண்மையில் மிரட்டுவது கணக்குத்தான். 365 நாளுக்கு 1,825 பர்ளுகள். இருபது வருடமென்றால் 36,500! மனம் சோர்ந்துவிடுகிறது. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஹைழ், நிஃபாஸ் நாட்களின் தொழுகைக்குக் களாவே இல்லை. (நோன்புக்கு உண்டு, மறந்துவிடாதீர்கள்.) மீதியை நம் ஷாபிஈ மத்ஹபின்படி களாச் செய்தாக வேண்டும். ஒவ்வொரு பர்ளுடனும் விடுபட்ட ஒன்றைச் சேர்த்தாலே நாளுக்கு ஐந்து குறையும்; முடிந்தபோது கூடுதலாகவும் தொழலாம். வேண்டுமென்றே விட்டதற்குக் களா இல்லை, தவ்பாவும் நபிலும்தான் என்றார் இப்னு தைமிய்யா. எதை ஏற்றாலும் இன்றைய தொழுகையைத் தள்ளிப்போட இடமில்லை.

ஹிஜ்ரி 187இல் மக்காவில் வபாத்தான புழைல் இப்னு இயாழ் (ரஹ்) முன்பு வழிப்பறி செய்தவர். சுவரேறிய ஓர் இரவில் காதில் விழுந்த ஸூரத்துல் ஹதீதின் 16ஆம் ஆயத்து அவரைத் திருப்பியதாக எழுதி வைத்துள்ளனர். உங்கள் கதை அவ்வளவு மோசமில்லையே!

மஃரிபிலேயே தொடங்குங்கள். ஓதல் மறந்திருந்தால் மத்ரஸா போகும் மகளிடம் கேளுங்கள். உம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பதில் அவளுக்குப் பெருமைதான்.