களஞ்சியமும் திறவுகோலும்

நுழையும்முன்
தரவைச் சேர்த்து வைப்பது ஒரு பணி. அதனை ஆராய்ந்து பயன் காண்பது மற்றொரு பணி. இரண்டையும் இணைக்கும் சில வரி நிரலில் தரவின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சேமிப்பும் ஆய்வும்
நெல் களஞ்சியத்தில் இருக்கும். அரவை ஆலையில் நடக்கும். அரைத்த அளவிற்கே ஆலைக்குக் கூலி. மேகக் கணிமையிலும் சேமிப்பகமும் பகுப்பாய்வுச் சேவையும் இவ்வாறே தனித்தனியாக இயங்குகின்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2016ஆம் ஆண்டு முழுப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்து, 2024 பிப்ரவரி 29 அன்று நிறுத்திய ‘அசூர் டேட்டா லேக் அனலிட்டிக்ஸ்’ இதற்குத் தக்க சான்றாகும்.

இணைக்கும் முறை
அச்சேவையில் கணக்குத் தொடங்கும்போதே ஒரு டேட்டா லேக் சேமிப்பகம் அதனுடன் இணைக்கப்பட்டது. பிற சேமிப்புக் கணக்குகளை நிரல் வழியாகப் பின்னர்ச் சேர்க்க முடிந்தது. நிரல் முதலில் தன் அடையாளத்தை மெய்ப்பித்தது. பிறகு பகுப்பாய்வுக் கணக்கின் பெயரைக் குறிப்பிட்டது. இறுதியாக, சேர்க்கவேண்டிய சேமிப்புக் கணக்கின் பெயரைத் தந்தது.

சேர்க்கப்படுவது டேட்டா லேக் சேமிப்பகமாயின் பெயரே போதுமாக இருந்தது. ஆய்வை ஏவுபவருக்குரிய உரிமையைச் சேமிப்பகமே சரிபார்த்தது. பிளாப் சேமிப்பகமாயின் பெயருடன் அணுகல் திறவுகோலையும் தரவேண்டியிருந்தது.

திறவுகோலின் இடர்
திறவுகோல் என்பது நீண்டதோர் எழுத்துத்தொடர். அதனை வைத்திருப்பவர் உரியவரா, அயலாரா எனச் சேமிப்பகம் பிரித்தறியாது. நிரலுக்குள் அதை எழுதிவைத்தால், நிரலைக் காணும் எவரும் களஞ்சியத்தைத் திறக்கலாம். 2016ஆம் ஆண்டு ஊபர் நிறுவனத்தின் நிரல்கள் இருந்த கிட்ஹப் தளத்தில் நுழைந்தோர், அங்குக் கிடைத்த திறவுகோலைக் கொண்டு அமேசான் மேகச் சேமிப்பகத்தை அடைந்தனர். 5.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோயின.

காக்கும் வழி
திறவுகோலை நிரலில் எழுதாமல், அதற்கெனவுள்ள காப்பகத்தில் வைத்து, இயங்கும் வேளையில் மட்டும் பெறுதல் வேண்டும். அசூர் சேமிப்புக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்றை மாற்றும்போது மற்றொன்றால் பணி தடையின்றி நடைபெறும். இயலுமிடத்தில் திறவுகோலையே தவிர்த்து, அடையாளத்தின் அடிப்படையில் தேவையான அளவு உரிமை மட்டும் வழங்குதல் அதனினும் நன்று.

தெரிந்து தெளிவோம்
அசூர் சேமிப்புக் கணக்கின் பெயர் 3 முதல் 24 எழுத்துகள் கொண்டது. ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் எண்களும் மட்டுமே அதில் இடம்பெறும்.

கற்பவை கற்றபின்
பெயர், திறவுகோல், உரிமை ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பள்ளி நூலகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.