உதவித்தொகைக்காகத் தொழிற்சங்கம் ஏன் பேச வேண்டும்?

உதவித்தொகை கேட்டு மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலக வாசலில் அமர்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சில வேளைகளில் அவர்களோடு தொழிற்சங்கத்தினரும் நிற்பார்கள். "உழைக்கிறவர்களின் சங்கத்திற்கு இங்கே என்ன வேலை?" என்று நம் ராஜகீழ்ப்பாக்கத்திலும் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

முதலில் ஒரு கணக்கு. கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் 2009-இல் மாதம் 200 ரூபாயுடன் தொடங்கியது. 2012-இல் அது 300 ஆனது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் மத்திய அரசின் பங்கு அதே 300தான். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். கடையில் ஒரு டீக்கும் போதாது. குறைத்தோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. விலைவாசி அந்த வேலையைச் செய்துவிட்டது.

தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்து, 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் உதவியைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. அதே 2023-இல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆனது. கூட்டிப் பாருங்கள், மிகச் சரியாக 1,500 வரும்! ஆந்திராவிலோ 2024-இல் 6,000 ரூபாய் ஆக்கினார்கள். நம் சங்கங்கள் ஆந்திராவைச் சுட்டிக்காட்டுவது இதனால்தான்.

ஆனால் அதே ஆந்திராவில் 2025-இல் மறுபரிசோதனை நடந்தது. பாதிப்பு 40 சதவீதத்திற்குக் குறைவு என்று பலருக்கு நிறுத்த நோட்டீஸ் வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே மேல்முறையீட்டுக்கு வழி திறந்தது. தொகையைத் தொடாமல் ஆளைக் குறைக்கும் முறை இது.

பிரிட்டனிலும் அந்த ஆண்டு இதைத்தான் செய்ய முயன்றார்கள். அங்கே சமைப்பது, குளிப்பது, உடுத்துவது என ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு உதவி தருகிறார்கள். ஏதாவது ஒன்றிலாவது நான்கு புள்ளி இருந்தே ஆக வேண்டும் என்றது 2025 மார்ச் மாதத் திட்டம். பல வேலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறுகிறவர் வெளியே போய்விடுவார். தொழிற்சங்கப் பேரவை எதிர்த்தது. உதவித்தொகை அலுவலகங்களில் பணிபுரியும் ஊழியர்களின் சங்கமே எதிர்த்ததுதான் நம் மனத்தைத் தொடுகிறது. வெட்டை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? ஆளுங்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரும் முரண்டு பிடிக்கவே, ஜூலை 1-இல் அரசு அப்பகுதியைக் கைவிட்டது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. புதிதாக விண்ணப்பிப்போருக்கான வேறோர் உதவியைக் குறைக்கும் பகுதி நிறைவேறிவிட்டது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். தாம்பரம் சுற்றுவட்டாரத்துத் தொழிற்கூடங்களில் பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்களை நமக்குத் தெரியும். பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் ஒரு கட்டைவிரலின் இழப்பு 30 சதவீதமாக இருந்தது. காலையில் தொழிலாளியாகப் போனவர் மாலையில் ஒரு சதவீதமாகத் திரும்புகிறார். மருத்துவக் குழுவின் முன் அந்த எண்ணுக்காக வாதாடிப் பழகியது தொழிற்சங்கம். மாற்றுத்திறனாளியின் சான்றிதழில் உள்ள எண் அதற்கு அந்நியமானதல்ல.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் 20-ஆம் எண் தொழிற்சங்கங்களைப் பற்றியது. 22-ஆம் எண் மாற்றுத்திறனாளிகளைப் பற்றியது. இரண்டும் ஒரே மடலில் இருப்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

நம் பங்கில் யாருக்காவது மறுபரிசோதனையில் சதவீதம் குறைந்துவிட்டால், அதே 2016 சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். பழைய சான்றிதழின் நகலைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.