‘றன்’ என்னும் ஆங்கில வினைச்சொல்



கிரிக்கெட் ஆட்டத்தின் வருணனையை வானொலியிலே கேட்டு மகிழ்வோர் உங்களுட் பலர். துடுப்பாட்டக்காரர் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் உயர அடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே நிற்கிறார். மறுமுனையில் உள்ளவரும் அசைந்தாரல்லர். ஆயினும் வருணனையாளர், ‘ஆறு ஓட்டங்கள்’ என்கிறார். ஒருவரும் ஓடாதபோது வந்த ஓட்டம் யாது? இவ்வாறு கேட்பார் எவரும் இலர். சொல் எங்கே புறப்பட்டது என்பதை மறந்து, அஃது இப்பொழுது வந்து நிற்கும் இடத்துக்கு நாம் பழகிவிட்டோம். ‘ஓட்டம்’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட அந்த ‘றன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இச்சொல்லில் எனக்கு ஈடுபாடு உண்டானதற்கு ஒரு தவறே காரணம். நான் ஆசிரியனாகப் பணியேற்ற புதிதில், ஆங்கிலப் பந்தியொன்றைத் தமிழாக்குமாறு எட்டாம் வகுப்பு மாணவர்க்குக் கொடுத்தேன். ஒரு வாக்கியம், தண்ணீர்க்குழாய் மூடப்படாமல் திறந்திருந்தது என்னும் கருத்துடையது; ஆங்கிலத்திலே அதற்கு ‘றன்’ வரும். ஒரு மாணவன், ‘குழாய் ஓடிக்கொண்டிருந்தது’ என எழுதினான். அதனை வகுப்பில் வாசித்தேன், பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு அவ்வரியைச் சிவப்பு மையால் வெட்டினேன். அவன் எழுந்து, ‘சேர், வாய்க்கால் ஓடுகிறது என்று சொல்கிறோமே, குழாய் ஓடக்கூடாதா?’ என்று கேட்டான். ‘இரு’ என்றேன். என்னிடம் விடை இருக்கவில்லை என்பதே உண்மை. அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டிலன்.

அவன் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், பேரறிஞர்களும் இச்சொல்லின் முன் இளைத்து நின்றமை தெரிந்தது. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், அதன் முன்னுரையில், பொருள் வரையறைக்கு அகப்படாது பரந்து திரியும் வினைச்சொற்கள் சிலவற்றைப் பெயர் சுட்டி முறையிடுகிறார். வருதல், போதல், கொடுத்தல், எடுத்தல் முதலியவற்றைக் குறிக்கும் எளிய சொற்களே அவை. ‘றன்’ அவற்றுள் ஒன்று. கடினமான சொற்களை விளக்குவது அகராதிகாரர்க்கு எளிது. எளிய சொற்களே அவர்க்குக் கடினம்.

பின்னர் வந்தது ஒக்ஸ்போட் பேரகராதி. அதன் முதற்பகுதி 1884இல் வெளியாகி, 1928இல் நூல் முற்றுப்பெற்றது. 20 தொகுதிகளாக 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலே, மிக நீண்ட விளக்கம் பெற்ற சொல் ‘வைத்தல்’ எனப் பொருள்படும் ‘செற்’ என்பதாம். அதன் வினைக்கு 430க்கும் மேற்பட்ட பொருள்கள் காட்டப்பட்டிருந்தன. இப்போது அம்முதலிடத்தை ‘றன்’ பிடித்துக்கொண்டது. புதிய திருத்தத்தில் இதன் வினைக்கு மட்டும் 645 பொருள்கள் கண்டமை 2011இல் அறிவிக்கப்பட்டது. அவற்றை வகுத்த பதிப்பாசிரியர் பீற்றர் கிலிவர், இந்த ஒரு சொல்லின்மீதே ஏறத்தாழ ஒன்பது மாதம் உழைத்தார்.

இத்துணைப் பெருக்கத்துக்கு இயந்திரமே பெருங்காரணம் எனலாம். ஆலை, புகையிரதம், மணிக்கூடு, மோட்டார், இன்று கணினியில் இடும் செய்நிரல் ஆகிய அனைத்தின் இயக்கத்தையும் ஆங்கிலேயர் புதுச்சொல் தேடாமல் ‘றன்’ என்றே வழங்கினர். ஆயினும் குழாயின் கதை இயந்திரத்துக்கு மிக முந்தியது. ஆங்கிலத்துக்கு உறவான ஜேர்மன் மொழியில் ‘ரின்னென்’ என்னும் வினை உண்டு; அது நீர் வழிந்தோடுவதைக் குறிக்கும். மனிதன் ஓடுவதற்கு அதனோடு பிறந்த ‘ரென்னென்’ என்பது தனியே நிற்கிறது. ஆங்கிலமோ இவ்விரு கிளைகளையும் தன் ஒரே சொல்லுள் அடக்கிக்கொண்டது. ஆதலால் நீர் ஓடுவது, கால் ஓடுவதைப் பார்த்துக் கவிஞர் எவரும் கட்டிய உவமையன்று. அதுவும் அச்சொல்லின் பழம்பொருளே. ஓடுவது நீராயிருக்க, அதனை ஏந்திய குழாய்மேல் வினையை ஏற்றுவது, வாய்க்கால்மேல் நாம் ஏற்றுவது போன்றதே. நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்று சொல்லிக் கடந்துபோவார்கள். ஆகவே அம்மாணவன் கேட்டது நியாயமான கேள்வி.

ஒரு வேற்றுமையை மட்டும் கருதவேண்டும். தமிழிலே ‘ஓடு’ என்பது தன்வினை, ‘ஓட்டு’ என்பது பிறவினை. ஆங்கிலத்தில் ‘றன்’ இரண்டுக்கும் ஒரே வடிவமாக நிற்கும். குதிரையும் ‘றன்’, குதிரையை ஓடச்செய்வதும் ‘றன்’. பாடசாலை நடத்துதல், கடை நடத்துதல் என்னும் பொருள்கள் இவ்வழியே வந்தவை. இதைக் கேட்டு வியப்பவர்கள், தங்கள் வீட்டுப் பேச்சையும் சற்றுக் கவனிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் நாம், ‘அவர் கார் ஓடுகிறார்’, ‘தங்கச்சி சைக்கிள் ஓடப் பழகுகிறாள்’ என்கிறோம். தமிழகத்தார் ‘ஓட்டுகிறார்’ என்றே சொல்வர். நம் பேச்சைக் கேட்டு, காரோடு சேர்ந்து ஓடும் மனிதரை எண்ணிச் சிரிப்பாரும் உளர்.

இனி, மாணவரை உண்மையில் இடறச்செய்வன துணைச்சொல் ஒட்டிய தொடர்கள். ‘றன் அவுட்’ என்றால் கிரிக்கெட்டில் ஒருவர் ஆட்டமிழந்தார். அடுக்களையிலோ உப்பு முடிந்துவிட்டது. ‘றன் இன்ற்டு’ என்பது வண்டி மதிலிலே மோதியதையும் குறிக்கும், சந்தையிலே பழைய நண்பரை எதிர்பாராது கண்டதையும் குறிக்கும். எதை வைத்து அறிவது? உடன் வந்த பெயர்ச்சொல்லை வைத்தே. மதிலா, நண்பரா என்று பாராதவன் நண்பரை மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவான்.

ஒருபொருட் பன்மொழிகளின் சங்கதி இன்னும் நுட்பமானது. பீற்றர் மார்க் றொஜே என்னும் மருத்துவர், தமது 73ஆம் வயதில், 1852இல், ஆங்கிலச் சொற்களைப் பொருள்வழித் தொகுத்து வெளியிட்டார். நம் நிகண்டுகளைப் பயின்றவர்க்கு இத்தகைய தொகுப்பு புதுமையன்று. அருமையான நூல்; ஆனால் இளமாணவர் கையிலே அகப்பட்டால் ஆபத்து. ‘றன்’ என்பதற்கு இணையாக, பாய்தலைக் குறிக்கும் ‘புளோ’ என்ற சொல்லை அத்தகைய பட்டியலொன்றில் கண்ட மாணவி ஒருத்தி, தன் மாமா அரிசி ஆலையொன்றைப் பாயச்செய்கிறார் எனப் பொருள்படும்படி ஆங்கில வாக்கியம் எழுதித் தந்தாள்! ஆலை நடத்துதற்கு ‘மனேஜ்’ பொருந்தும். ஆயினும் அதில் நம் ‘சமாளித்தல்’ என்பதன் சாயல் சிறிது கலந்திருக்கும். ‘ஒப்பறேற்’ இயந்திரத்தை இயக்குபவர்க்கு உரியது; ‘கொண்டக்ற்’ பரீட்சைக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. காலால் ஓடுவதிலும் அப்படியே. உடற்பயிற்சிக்காக மெல்ல ஓடுதல் ‘ஜொக்’. குறுந்தூரம் முழுவிசையோடு ஓடுதல் ‘ஸ்பிறின்ற்’. திடீரெனப் பாய்ந்தோடுதல் ‘டாஷ்’. இவற்றை ஒன்றின் இடத்தில் ஒன்றை வைத்தால், வாக்கியம் இலக்கணப் பிழையின்றி இருக்கும். கேட்பவர் முகத்திலோ புன்னகை தோன்றும்.

ஆங்கிலம் பேசுவோர் தமக்குள்ளும் ஒத்துப்போவதில்லை. தேர்தலிலே போட்டியிடுபவரை அமெரிக்கர் ‘ஓடுகிறார்’ என்பர். பிரித்தானியர் ‘நிற்கிறார்’ என்பர். நாமும் நிற்கிறார் என்றே சொல்லுகிறோம். ஓடினாலும் நின்றாலும் வாக்குக் கேட்பது ஒன்றே.

இன்று நான் அதிபராக இருப்பினும், ஆங்கில விடைத்தாள்கள் சில என் மேசைக்கும் வரும். ஆண்டுக்கொருமுறையேனும் அக்குழாய் எங்காவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அதனை இப்போது வெட்டுவதில்லை. ‘குழாயிலே தண்ணீர்’ என்று ஓரத்தில் எழுதி, அப்பிள்ளையை அழைத்து, இரண்டையும் உரக்க வாசிக்கச் சொல்லுகிறேன். எது தமிழாக ஒலிக்கிறது என்று கேட்கிறேன். சிலர் தம் வாக்கியமே நன்று என்று வாதிடுகிறார்கள். அவர்கள் வாதிட்டு முடிக்கும்வரை நான் ‘இரு’ என்று சொல்வதில்லை.