கோதுமை ஆகாதவர் பீட்சா கடைக்குப் போனால்...

சம்பளம் வாங்கிய வாரத்தில் பிள்ளைகளைப் பட்டணத்திற்கு அழைத்துப்போய்ப் பீட்சா வாங்கிக் கொடுப்பது இன்று தோட்டத்துக் குடும்பங்களிலும் நடக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் வாசகர்களே, கோதுமை ஆகாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கடைக்குள் நுழையுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. ரொட்டி சானாய் மாவு கிழியாமல் வீசி விரிக்க வருவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர் இதை உண்டால், உடம்பு தன் சிறுகுடலையே தாக்கிப் பழுதாக்குகிறது. சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், சோகை, பிள்ளைகள் வளராமல் நிற்பது ஆகியவை இதன் அடையாளங்கள். உலகில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

இது வெள்ளைக்காரர் நோய் என்று எண்ண வேண்டாம். 2015-இல் வெளிவந்த மலேசிய ஆய்வொன்றில், நலமாக இருந்த இளைஞர்களிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரின் இரத்தத்தில் இதன் அறிகுறி காணப்பட்டது. மருந்து இல்லை. வாழ்நாள் முழுதும் குளூட்டனை விலக்குவதே வழி. ஆனால் இரத்தப் பரிசோதனை செய்யும்முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் பரிசோதனையில் தெரியாமல் போகக்கூடும்.

இனி, கடைக்கு வருவோம். சில பீட்சா கடைகளில் 'குளூட்டன் இல்லாத' ரொட்டி கிடைக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடலாமா? அமெரிக்காவில் டோமினோஸ் நிறுவனம் 2012-இல் அப்படியொரு பீட்சாவை விற்கத் தொடங்கியபோதே, சீலியாக் நோயாளிகளுக்கு இது ஏற்றதல்ல என்றும் அறிவித்தது. ஏன்? ரொட்டியில் கோதுமை இல்லை. ஆனால் சமையலறை முழுதும் கோதுமை மாவு!

நம் ஊர்க் கடையை நினைத்துப் பாருங்கள். தோசை அரிசியும் உளுந்தும்தான். ஆனால் ரொட்டி சானாய் சுட்ட அதே கல்லில் ஊற்றினால் அதிலும் கோதுமை ஒட்டிக்கொள்ளும். பீட்சா கடையிலும் இதே கதைதான். உலக உணவுத் தரவிதிப்படி, 'குளூட்டன் இல்லாதது' எனப்படும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கை நிறைய மாவுடன் வேலை செய்பவர் தொட்டாலே அந்த அளவு கெட்டுவிடலாம். அடுப்பின் சூடும் குளூட்டனை அழிப்பதில்லை.

ஆகவே, கூட்டமில்லாத நேரத்தில் போய், பொறுமையாக இவற்றைக் கேளுங்கள்:

1. இந்த ரொட்டியை விரிக்கத் தனி மேசை உண்டா? அதன்மேல் தூவும் மாவு எது?

2. செய்பவர் கை கழுவிப் புதுக் கையுறை போடுவாரா?

3. சாஸ் கரண்டியும், சீஸ், காய்கறிப் பாத்திரங்களும் தனியா?

4. அடுப்பில் தனித் தட்டில் வைத்துச் சுடுவார்களா? வெட்டும் கத்தி தனியா?

5. மேலே வைக்கும் இறைச்சியிலும் சாஸிலும் கோதுமை கலந்திருக்கிறதா?

மலாயில் கேட்பதானால் கோதுமை மாவுக்கு 'தெப்போங் கண்டும்' என்று சொல்லுங்கள். 'தெரியாது' என்றோ, 'கொஞ்சம்தானே, ஒன்றும் செய்யாது' என்றோ பதில் வந்தால் அங்கே அந்தப் பிள்ளைக்குப் பீட்சா வேண்டாம்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை இது. பீட்சாவின் தாயகமான இத்தாலியில், சீலியாக் நோயாளிகளுக்கென்று 2005-இல் சட்டமே இயற்றப்பட்டது. அங்குள்ள சீலியாக் சங்கம் உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதுகாப்பானவற்றைப் பட்டியலிடுகிறது.

பெற்றோர்களே, 'ஒரு துண்டு தின்றால் என்ன?' என்று வற்புறுத்தும் உறவினர் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்கும் விளக்கிச் சொல்லுங்கள். அன்றாடம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்சென்றாலே குடல் பழுதாகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அது ஒரு சிறு ரொட்டித் தூளில் அடங்கிவிடும். கடைக்காரரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கும் இப்போதே கற்றுக்கொடுங்கள். நாளை அவன் தனியே பட்டணத்தில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகும்போது, அந்தப் பழக்கம்தான் அவனைக் காக்கும்.